கோவா முள்ளம்பன்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாள் மேசையின் நடுவில் கோவாவில், அதாவது முட்டைக்கோசில், செய்த முள்ளம்பன்றி ஒன்றை வைத்தால், விருந்து முடிவதற்குள் நாலு பேராவது வந்து எப்படிச் செய்தது என்று கேட்பார்கள். அடுத்த கிழமை அவர்களே போன் எடுத்து, கட்லட் உடைகிறது, குச்சி சரிகிறது, அம்மம்மா மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் வேண்டாம் என்று நிற்கிறா என்று தொடங்குவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். எங்கள் யாழ்ப்பாணச் சந்தையில் கிடைக்கிற சாமான், எங்கள் வெக்கை, எங்கள் ஆட்களின் கூச்சம், இவற்றை வைத்துத்தான் பதில்கள்.

இது உண்மையிலை என்ன சாமான்? கேக்கோ, சோட் ஈற்ஸோ, சும்மா சோடனையோ?

சோட் ஈற்ஸ்தான், கையால் எடுத்துச் சாப்பிடுகிற சிற்றுண்டி. முழுக் கோவா ஒன்றின் அடியைத் தட்டையாக வெட்டித் தட்டத்தில் இருத்தி, முன்பக்கம் ஒரு முகம் வைத்து, மிச்ச முதுகு முழுக்கப் பல்லுக் குத்தும் குச்சிகளில் குட்டிக் கட்லட், வடைத் துண்டு, அன்னாசி என்று கோர்த்து நிறுத்துவது. தூரத்தில் பார்த்தால் முள்ளம்பன்றி, கிட்ட வந்தால் ஆளுக்கொரு முள்ளைப் பிடுங்கிச் சாப்பிடலாம்.

வடிவு இதில் இரண்டாம்பட்சம். ஆட்கள் பிடுங்கப் பிடுங்க முதுகு மொட்டையாகிக்கொண்டு வரவேண்டும், விளையாட்டே அதுதான். இரவு எல்லோரும் போன பிறகு முள்ளெல்லாம் அப்படியே நின்றால், எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது சரிவராத முள்ளம்பன்றி. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

ஏன் முள்ளம்பன்றி? இது நீங்கள் கண்டுபிடிச்சதோ?

இல்லை. பிரிட்டனில் 1970களின் வீட்டு விருந்துகளில், சீஸ் துண்டையும் அன்னாசித் துண்டையும் குச்சியில் கோர்த்து, பாதி கிரேப்ஃப்ரூட்டிலோ உருளைக்கிழங்கிலோ குத்தி முள்ளெலி செய்வது பெரிய நாகரிகமாக இருந்தது. ஜெர்மனியிலும் சீஸ் முள்ளெலி பழைய சாமான். லண்டனிலும் ஜெர்மனியிலும் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு, அதனால் படமாகவும் பேச்சாகவும் இங்கே வந்து சேர்ந்ததில் அதிசயமில்லை. ஆனால் அதை அப்படியே இங்கே செய்தால் சீஸ் கொஞ்ச நேரத்திலேயே வியர்த்துப் போய்விடும். அதனால் சீஸ் இருந்த இடத்துக்குக் கட்லட் வந்தது, அவர்களுடைய முள்ளெலி வன்னிக் காட்டு முள்ளம்பன்றியாகிவிட்டது.

இன்னொரு வசதியும் இருக்கிறது, பிழை தெரியாது. அன்னம் செய்தால் கழுத்து கொஞ்சம் கோணினாலும் கண்டுபிடிப்பார்கள். முள்ளம்பன்றியின் முள் எந்தப் பக்கம் சரிந்தாலும் அது முள்ளம்பன்றிதான்.

உடம்புக்கு என்ன வைக்கிறது? கோவா, பூசினிக்காய், வத்தகப்பழம், ஆளுக்கொண்டு சொல்லினம்.

கோவா. இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. குச்சி விரலால் தள்ளினாலே உள்ளே போகும், போன குச்சியை இலை அடுக்குகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் விடாது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை உள்ள, கையில் தூக்கினால் பாரமாக இருக்கிற, அமத்தினால் அமுங்காத கோவாவாகப் பாருங்கள். திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் எந்தச் சந்தையிலும் காலையில் போனால் தெரிந்தெடுக்கலாம். கொஞ்சம் நீள்வாக்கில் இருந்தால் இன்னும் நல்லது, கூரான பக்கம் முகமாகும். வெளி இலை இரண்டு மூன்றைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைக்கவேண்டும். நடுத்தண்டைத் தோண்டி எடுக்காதீர்கள், கோவாவை இறுக்கமாக வைத்திருப்பது அதுதான்.

பூசினிக்காய் குச்சிக்குக் கடினம். ஒவ்வொரு துளையும் ஆணியால் குத்தித் திறக்கவேண்டி வரும், பத்தாவது துளையில் வாழ்க்கை வெறுத்துவிடும். வத்தகப்பழம் (தர்ப்பூசணி) குத்திய இடமெல்லாம் சாறு விடும், அந்தச் சாறு குச்சி வழியே ஏறிக் கட்லட்டின் அடியை ஊறவைக்கும். பழக் குச்சி மட்டும் குத்துவதென்றால் வத்தகப்பழம் பரவாயில்லை. நீத்துப்பூசினியை ஒருவர் யோசித்தார், நாவூறு கழிக்க உடைக்கிற சாமானைப் பிறந்தநாள் மேசையில் வைத்தால் யார் என்ன சொல்வார்கள் என்று அவரே பிறகு விட்டுவிட்டார்.

எனக்குக் கைவேலை வராது. முகம் எப்பிடி வைக்கிறது?

முகத்துக்கு மூன்று சாமான் காணும்: மூக்கு, கண், காது. மூக்குக்குக் கரட்டின் நுனியை மூன்று அங்குலம் வெட்டி, இரண்டு குச்சியால் கோவாவில் பொருத்தி, அதன் முனையில் பாதி கறுப்பு முந்திரிகைப்பழம் (திராட்சை). கண்ணுக்கு இரண்டு கராம்பு, காம்புப் பக்கம் உள்ளே. கண்களை மூக்குக்குக் கிட்டவாகவும் கொஞ்சம் கீழேயும் வையுங்கள், குட்டி மிருகம் மாதிரி வரும். மேலே ஏற்றினால் கிழட்டு முகமாகிவிடும்.

காதுக்குத்தான் எங்கள் ஊரிலேயே ஒரு சாமான் இருக்கிறது, பருத்தித்துறை வடை. மெல்லிசாக, தட்டையாக, மொறுமொறு என்று இருக்கும். கத்தியால் கோவாவில் இரண்டு கீறல் போட்டு, பாதி வடையை ஒவ்வொன்றிலும் செருகினால் காது முடிந்தது. ஆட்கள் வருவதற்குச் சற்று முன் செருகுங்கள், நேரத்தோடு செருகினால் கோவாவின் ஈரத்தில் வதங்கிவிடும். பிள்ளைகள் முதலில் தின்பது காதைத்தான், அதனால் ஒரு சரை வடை கூடுதலாக இருக்கட்டும்.

குச்சியிலை என்னென்ன குத்தலாம்?

ஒரே வாயில் போகக்கூடியது, கையில் எண்ணெய் வழியாதது, தலைகீழாகப் பிடித்தாலும் விழாதது. இந்த மூன்றும் இருந்தால் எதையும் குத்தலாம். மீன் கட்லட், மரக்கறிக் கட்லட், இறால் பொரியல், பொரித்த பனீர், சின்ன உழுந்து வடையின் பாதி, அவித்த காடை முட்டை, கறிமிளகாய்த் துண்டோடு பொரித்த கிழங்கு. இடைக்கிடை நிறத்துக்கு வெள்ளரிக்காய், சின்னத் தக்காளி, அன்னாசி. பலகாரப் பக்கம் போனால் சூசியம் நன்றாக நிற்கும். பயத்தம் உருண்டை குத்தினால் பிளந்துவிடும், ஆசைப்படாதீர்கள்.

இனிப்பையும் உறைப்பையும் ஒரே முதுகில் கலப்பது எனக்கு விருப்பமில்லை. வெங்காய வாசம் ஏறிய சூசியத்தை யாரும் இரண்டாம் தரம் எடுக்கமாட்டார்கள். இனிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு குட்டி முள்ளம்பன்றி வையுங்கள், உடம்புக்குப் பாதிக் கோவா காணும்.

கட்லட்டைக் குச்சியிலை குத்தினால் ரெண்டாய்ப் பிளக்குது. என்ன செய்யிறது?

எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது. காரணம் அநேகமாக ஈரம். கிழங்கைத் தோலோடு அவியுங்கள், வெட்டி அவித்தால் தண்ணீரைக் குடித்துவிடும். சூட்டோடு மசித்து, அகலமான தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள். 1 கிலோ கிழங்குக்கு 425 கிராம் ரின்மீன் ஒன்று, தண்ணீரை வடித்து, கையால் பிழிந்து, முள்ளை எடுத்துவிட்டு. பெரிய வெங்காயம் இரண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் பொடியாக அரிந்து வதக்கி, மீனையும் அதோடு போட்டுச் சட்டியில் ஈரம் வற்றும் மட்டும் பிரட்டவேண்டும். மிளகுத்தூள் தாராளமாக. தேசிப்புளியை அடுப்பால் இறக்கிய பிறகு விடுங்கள், ஒரு தேசிக்காயின் பாதி காணும். 20 கிராம் அளவில் உருட்டினால் எழுபது உருண்டை கிட்ட வரும். வழக்கமான கட்லட் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு, அந்தப் பாரத்தைக் குச்சி தாங்காது.

உருட்டிய பிறகு ஒரு மணித்தியாலம் பிறிட்ஜில் வையுங்கள். பிறகு கோதுமை மா, அடித்த முட்டை, ரஸ்க் தூள், திரும்பவும் முட்டை, திரும்பவும் ரஸ்க் தூள். இந்த இரட்டைச் சட்டைதான் உருண்டையைப் பிளக்கவிடாமல் பிடிக்கிறது. எண்ணெய் 170 முதல் 180 பாகை வரை இருக்கவேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை ரஸ்க் தூளைப் போட்டுப் பாருங்கள், உடனே நுரைத்து மேலே வந்தால் சரி. உள்ளே எல்லாம் வெந்த சாமான், அதனால் நிறம் வந்ததும் எடுக்கலாம். சட்டியை நிரப்பாதீர்கள், எண்ணெய் ஆறினால் சட்டை கழன்றுவிடும்.

பொரித்ததும் குத்தக்கூடாது. பத்து நிமிடம் ஆறவிட்டால் உள்ளே கிழங்கு இறுகிவிடும். குச்சியை நேராக அமத்தாமல், இரண்டு விரலால் திருகித் திருகி இறக்கவேண்டும், மற்றப் பக்கம் வெளியே வரக்கூடாது. கோவாவில் நிறுத்தும்போது உருண்டையைப் பிடித்துத் தள்ளினால் குச்சி உருண்டையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். உருண்டைக்குக் கீழே குச்சியைப் பிடித்துத் தள்ளுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே போனால் போதும்.

குச்சி எல்லாம் ஒரு பக்கம் சரியுது, இடமும் காணாமல் போகுது.

வாலில் இருந்து தொடங்குங்கள். வால் பக்க அடி வரிசை, பிறகு அதற்கு மேல், அப்படியே தலைப்பக்கம் ஏறி வரவேண்டும். குச்சி ஒவ்வொன்றும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து நிற்கட்டும். தலையில் தொடங்கினால் சாய்ந்த முள் அடுத்த வரிசைக்குக் கூரை போட்டுவிடும், கை நுழையாது. பாரமான கட்லட் எல்லாம் மேல் முதுகில், வெள்ளரிக்காய், தக்காளி மாதிரி லேசானவை பக்கவாட்டில். பக்கவாட்டில் குத்துகிற குச்சியின் நுனி சற்று மேல்நோக்கி இருந்தால் சாமான் வழுகாது.

முப்பது பேருக்கு எத்தினை குச்சி வேணும்? ரெண்டு முள்ளம்பன்றி செய்யவேணுமோ?

பின்னால் சோறோ புட்டோ இடியப்பமோ வருகிறதென்றால் ஆளுக்கு மூன்று குச்சி. வெறும் தேத்தண்ணியும் கேக்கும்தான் என்றால் ஆறு. முப்பது பேருக்கு முதல் கணக்கில் தொண்ணூறு. ஒரு கோவாவில் வசதியாக 45 முதல் 50 குச்சிதான் நிற்கும், அதற்கு மேல் திணித்தால் ஒன்றைப் பிடுங்கும்போது பக்கத்தில் நின்ற இரண்டும் சேர்ந்து வரும்.

அதற்காக இரண்டாவது முள்ளம்பன்றி தேவையில்லை. மிச்சத்தைக் குசினியில் வைத்திருந்து, முதுகு பாதி மொட்டையானதும் சூடாகப் பொரித்துத் திரும்ப நாட்டுங்கள். இரண்டாம் தரம் முளைக்கிற முள்ளைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். வேறு ஒரு நன்மையும் உண்டு, அது அடுத்ததற்கு அடுத்த பதிலில்.

முதல் நாளே செய்து வைக்கலாமோ?

பாதி வேலையை வைக்கலாம். கட்லட்டை உருட்டி, ரஸ்க் தூள் பிரட்டி, மூடிப் பிறிட்ஜில் முதல் நாள் இரவே வைக்கலாம். கோவாவையும் கழுவித் துடைத்து வைக்கலாம். பொரிப்பதும் குத்துவதும் அன்றைக்குத்தான். பின்னேரம் ஆறு மணிக்கு ஆட்கள் வருவதென்றால், நாலரைக்கு முகம், ஐந்து மணிக்கு எண்ணெய், ஐந்தரைக்குக் குத்தல், கடைசியாகக் காது. பொரித்ததைப் பெட்டியில் போட்டு மூடாதீர்கள், தன் ஆவியிலேயே நமத்துப் போகும். கரண்ட் நிற்கிற நாளென்றால் ஒரு ஐஸ் பெட்டியைக் கடன் வாங்கி வையுங்கள்.

வெளியிலை எவ்வளவு நேரம் வைக்கலாம்? கேக் வெட்டவே எட்டு மணியாகும்.

சமைத்த மீன், இறைச்சி, முட்டை எதுவும் வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெக்கை 32 பாகைக்கு மேல் போனால் ஒரு மணித்தியாலம்தான். 5 முதல் 60 பாகை வரையான சூட்டில் கிருமிகள் கெதியாகப் பெருகும். சித்திரை, வைகாசி மதியங்களில் எங்கள் பந்தலுக்குக் கீழே 32ஐ எளிதாகத் தாண்டிவிடும், அதனால் மத்தியான விருந்தென்றால் மச்சத்தைக் குறைத்து மரக்கறிப் பக்கம் போவது புத்தி.

கேக் வெட்ட எட்டு மணியாகும் என்று தெரிந்தால் முள்ளம்பன்றியை ஆறு மணிக்கு ஏன் கொண்டுவந்து வைக்கிறீர்கள்? ஏழரைக்கு வரட்டும். அல்லது முதலில் மரக்கறி முள்ளோடு வைத்து, மேலே சொன்ன இரண்டாவது நாட்டலில் மீனைக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு தொகுதியும் வெளியில் இருக்கிற நேரம் பாதியாகிவிடும். ஈக்கு வலை மூடி, எறும்புக்கு மேசைக்கால் நாலுக்கும் தண்ணீர்ச் சிரட்டை, வளவில் வைத்தால் காகத்துக்கு ஒரு பொடியன்.

சீஸும் அன்னாசியும்தானே அசல். அதையும் வைக்கக்கூடாதோ?

வைக்கலாம், ஆனால் அவசரத்தில் தின்னவேண்டிய சாமான். கட்டிச் சீஸைச் சதுரமாக வெட்டி, வெளியே எடுக்கும் மட்டும் பிறிட்ஜில் வைத்து, கடைசி நிமிடத்தில் குத்துங்கள். முக்கோணத் துண்டாக வருகிற மெதுச் சீஸ் இந்த வேலைக்கு உதவாது.

ரின்னில் அடைக்காத பச்சை அன்னாசியில் புரோமெலேன் என்ற நொதியம் இருக்கிறது, புரதத்தை உடைக்கிற சாமான். சீஸோடும் கோழியோடும் ஒட்டி நீண்ட நேரம் இருந்தால் அவற்றை மெதுவாக்கி, சீஸில் ஒரு கசப்பையும் கொண்டுவரும். ரின்னில் வருகிற அன்னாசியைச் சூடாக்கி அடைப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. பச்சை அன்னாசிதான் வேண்டுமென்றால் துணியால் ஒற்றி எடுத்துத் தனிக் குச்சியில் குத்துங்கள். மயோனைஸை முதுகில் பூசுகிற யோசனையை விட்டுவிடுங்கள், அது ஐஸ் கோப்பைக்குள் வைத்த சின்னக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

கட்லட் உருட்ட நேரமில்லை. கடையிலை வாங்கின ரோல்ஸ், பற்றிஸைக் குத்தலாமோ?

மினி ரோல்ஸ் என்று முதலே சொல்லி எடுத்தால் தாராளமாகக் குத்தலாம், சட்டை உறுதி. பெரிய ரோல்ஸை வெட்டிக் குத்தினால் உள்ளே இருக்கிறதெல்லாம் மேசைவிரிப்புக்கு வரும். பற்றிஸின் ஓரம் குச்சி பட்டதும் உதிரும், அதைத் தட்டத்தைச் சுற்றி அடுக்குங்கள், முள்ளம்பன்றி புல்லுக்குள் நிற்கிற மாதிரி. எத்தனை மணிக்குப் பொரித்தது என்று கடையில் கேளுங்கள், இரண்டு மணித்தியாலக் கணக்கு அங்கே இருந்தே ஓடத் தொடங்குகிறது.

சைவமும் மச்சமும் ஒரே முள்ளம்பன்றியிலை வைக்கலாமோ? முன்னுக்கு சைவம், பின்னுக்கு மீன் எண்டு பிரிச்சால்?

வேண்டாம். உங்களுக்குப் பிரிவு தெரியும், குச்சியைப் பிடுங்குகிற பெரியம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும், மீன் குத்திய கோவாவில் நின்ற வடையை அவ தொடமாட்டா. தட்டத்தில் அவவுக்குச் சாப்பிட ஒன்றுமில்லாமல் போவதுதான் மிச்சம். இரண்டு சின்னக் கோவா வாங்கி, இரண்டு தட்டத்தில், மேசையின் இரண்டு பக்கமாக வையுங்கள். அடையாளத்துக்குச் சைவ முள்ளம்பன்றியின் நெற்றியில் மூன்று மெல்லிய தேங்காய்ச் சொட்டைப் பதித்தால் திருநீற்றுக் குறி ஆகிவிடும். பெரியவர்கள் சிரிக்கிற வீடா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

குசினியிலும் கவனம் வேண்டும். சைவக் கட்லட்டுக்கு முட்டை பூசினால் அது சைவமில்லை, கோதுமை மாவைத் தண்ணீரில் தடிப்பாகக் கரைத்து அதில் தோயுங்கள். புது எண்ணெயில் முதலில் சைவத்தைப் பொரித்து முடித்து, பிறகு மீனைப் போடுங்கள். இறால், கச்சான், கஜு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம், என்ன இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதித் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கேள்வி குறையும். முஸ்லிம் நண்பர்கள் வருகிற வீடென்றால் இறைச்சியை விட்டு மீனும் மரக்கறியுமாகப் போவது எல்லோருக்கும் வசதி.

நல்லூர்த் திருவிழா நேரத்திலை பிறந்தநாள் வருது. அந்த 25 நாளும் வீட்டிலை மச்சம் இல்லை.

நல்ல சாட்டு, முழுச் சைவ முள்ளம்பன்றி மீனை விட நிறமாக வரும். கரட், லீக்ஸ், போஞ்சி போட்ட கிழங்குக் கட்லட், ஊறவைத்துப் பிழிந்த சோயாமீற் பொரியல், கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்து உருட்டிய மசாலா வடை. சுவையில் குறை வராமல் இருக்க மிளகையும் பெருஞ்சீரகத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். வெளியில் வைக்கிற நேரக் கணக்கு கிழங்குக்கும் சோயாவுக்கும் அதே இரண்டு மணித்தியாலம்தான், சைவம் என்று சலுகை இல்லை.

சின்னப் பிள்ளையள் ஓடித் திரியிற இடத்திலை குச்சி பயமில்லையோ?

பயம்தான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் குச்சியோடு கொடுக்கவேண்டாம், பெரியவர் ஒருவர் கழற்றித் தட்டில் வைத்துக் கொடுக்கட்டும். முந்திரிகைப்பழத்தையும் சின்னத் தக்காளியையும் அவர்களுக்கு நீளவாக்கில் நாலாக வெட்டவேண்டும், முழுசாகத் தொண்டையில் போய் அடைக்கிற அளவு அவை. மூக்கு முந்திரிகையையும் கராம்புக் கண்ணையும் அவர்கள் கைக்கு எட்டாமல் பாருங்கள். வாயில் குச்சியோடு ஓடவிடாதீர்கள்.

பாவித்த குச்சி போட ஒரு சிரட்டையை மேசையில் வைத்து, முதலே ஒரு குச்சியை அதற்குள் போட்டு விடுங்கள், சொல்லாமலே விளங்கும். யாராவது குச்சியை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுப்பது, வாந்தி எடுக்கவைப்பது ஒன்றும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. குடலைத் துளைக்கக்கூடிய சாமான், பார்த்துக்கொள்வோம் என்று இருக்கக்கூடாது.

குச்சிக்குப் பதிலாய் ஈர்க்குப் பாவிக்கலாமோ? முற்றத்திலை நிறையக் கிடக்கு.

தென்னோலையில் இருந்து புதிதாகச் சீவி எடுத்த ஈர்க்கென்றால் பாவிக்கலாம். விளக்குமாற்றில் இருந்து உருவுவது கூடவே கூடாது. அடிப்பக்கத் தடித்த துண்டை ஏழு சென்ரிமீற்றருக்கு வெட்டி, சிலும்பைக் கத்தியால் வழித்து, கொதிதண்ணீரில் போட்டெடுத்துக் காயவையுங்கள். பழத்துண்டுக்கு நன்றாக இருக்கும், கட்லட்டுக்கு வளையும். வேலியில் நிற்கிற ஏதாவது செடியின் தடியை ஒடித்துக் குத்துகிற யோசனை மட்டும் வேண்டாம், காரணம் கீழே.

தட்டத்தைச் சுத்திப் பூ வைச்சால் வடிவாய் இருக்குமெல்லோ?

இருக்கும், ஆனால் அலரி வேண்டாம். மஞ்சள் அலரியும் சரி, சிவப்பு, வெள்ளை அலரியும் சரி, பூ, இலை, தண்டு, விதை எல்லாம் நஞ்சு, இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. வேலிக்கு வேலி நிற்கிறது, கோயிலுக்கும் பறிக்கிறோம் என்பதால் சாப்பாட்டுத் தட்டத்துக்கும் கை தானாகப் போய்விடும். அலரித் தடியில் எதையும் கோர்க்கவும் கூடாது.

செவ்வரத்தை வைக்கலாம். வீட்டு முற்றத்துப் பூ என்றால் கழுவி வையுங்கள். பூக்கடையில் வாங்கியதில் என்ன மருந்து அடித்திருக்கும் என்று தெரியாது, அதைச் சாப்பாட்டில் படவிடாதீர்கள். எனக்கென்றால் வாழையிலையும் கறிவேப்பிலைக் கொத்தும் போதும்.

எல்லாம் வடிவாய் வந்துது. ஆனால் ஒருத்தரும் கை வைக்கினமில்லை, படம் எடுத்துக்கொண்டு போயினம்!

இதைத்தான் முதல் பதிலில் சொன்னேன். எங்கள் ஆட்கள் அடுக்கி வைத்த தட்டத்தைத் தாங்களாகக் கலைக்கமாட்டார்கள். கேக் வெட்டவில்லை, பெரியவர்கள் எடுக்கவில்லை, எடுத்தால் மொட்டையாகிவிடுமே, என்ன நினைப்பார்களோ என்று நிற்பார்கள். முழுமையாக, ஒரு குறையும் இல்லாமல் நிற்கிற முள்ளம்பன்றி 'என்னைத் தொடாதே' என்று சொல்கிறது.

அதனால் முழுமையைக் கெடுத்துத்தான் மேசைக்குக் கொண்டுவரவேண்டும். முதுகில் பார்வை படுகிற இடத்தில் ஐந்தாறு முள்ளை நீங்களே பிடுங்கி, ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டு, மற்றதைப் பக்கத்தில் நிற்கிறவர்களின் கையில் கொடுங்கள். பிறந்தநாள் பிள்ளையிடம் தட்டைக் கொடுத்து அப்பப்பாவுக்கு ஒரு முள் பிடுங்கிக் கொடுக்கச் சொன்னால், பிறகு யாரையும் கேட்கத் தேவையில்லை. சின்னத் தட்டுகளையும் கடதாசித் துவாய்களையும் அதே பக்கம் வையுங்கள், எட்ட வைத்தால் பாதிப்பேர் விட்டுவிட்டுப் போவார்கள். படம் எடுக்க வேண்டியவர்களுக்கு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், முகத்தை மிதமிஞ்சி வடிவாக்காதீர்கள். தொப்பி, கழுத்துப்பட்டி எல்லாம் போட்டு விட்டால் பிள்ளைகளுக்கு அது செல்லப்பிராணியாகிவிடும், பிறகு முள்ளைப் பிடுங்கினால் அழுவார்கள்.

மயில் செய்து தரச் சொல்லிக் கேக்கினம். அம்மம்மா முருகனின்ரை வாகனத்தைத் தின்னுறதோ எண்டு விடுறா இல்லை.

மயில் செய்வது லேசு. பாதி வத்தகப்பழத்தைக் கவிழ்த்து, கழுத்துக்கு வளைந்த நீளக் கத்தரிக்காய், நீளக் குச்சிகளில் முந்திரிகை, அன்னாசி, பப்பாசி கோர்த்து விசிறியாக நிறுத்தினால் தோகை. முழுப் பழம் என்பதால் மச்சச் சிக்கலும் இல்லை. அம்மம்மாவுக்கு, நாங்கள் மயிலை வெட்டவில்லை, இறகைத்தான் எடுக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். சில வீடுகளில் எடுபடுகிறது.

எடுபடாவிட்டால் விட்டுவிடுங்கள், பெரியவர்களின் மனசு நோக ஒரு தட்டம் வேண்டாம். சேவலுக்கு மாறலாம் என்றால் அது முருகனுடைய கொடியில் நிற்கிறது, எலி பிள்ளையாரிடம் போய்விட்டது. முள்ளம்பன்றிக்கு எந்தச் சாமியும் இல்லை என்பது அதன் பெரிய பலம்.

சாமத்தியவீடு, கலியாணவீடு மாதிரிப் பெரிய இடத்துக்குச் சரிவருமோ?

இருநூறு பேருக்கு இது சாப்பாடாகாது. மண்டப வாசலில் வரவேற்பு மேசையில் இரண்டு வைத்தால் வருகிற பிள்ளைகளுக்கு ஒரு குதூகலம், அவ்வளவுதான். சாமத்தியவீட்டுத் தட்டங்களோடு ஒன்றாகக் கொண்டுபோக ஆசைப்பட்டால் பழமயில் மட்டும், பொரித்த சாமான் வேண்டாம். இருபது முதல் நாற்பது பேர் வரையான வீட்டு விருந்துதான் இதற்கு அளவு.

முடிஞ்ச பிறகு அந்தக் கோவாவை என்ன செய்யிறது? எறியிறதோ?

சைவக் கோவா என்றால் அன்றிரவே வெளி அடுக்கு இரண்டு மூன்றை உரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கழுவிப் பிறிட்ஜில் வையுங்கள். அடுத்த நாள் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கலாம். மீன் குத்திய கோவாவும் வீணில்லை, நன்றாக வேகவைக்கிற கறிக்குப் போடலாம், பச்சையாகச் சம்பல் போடவேண்டாம்.

அரிவதற்கு முன் ஒரு வேலை கட்டாயம். குச்சி நுனி உடைந்து உள்ளே நிற்கும். கோவாவை நாலாகப் பிளந்து, குத்திய பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்து, நிற்கிற நுனியை எல்லாம் எடுத்த பிறகுதான் கத்தி வைக்கவேண்டும். சந்தேகமாக இருந்தால் அந்த அடுக்கையே வெட்டி ஆட்டுக்குப் போடலாம் என்று நினைப்பீர்கள், அதுவும் வேண்டாம், ஆட்டின் வயிற்றையும் அது குத்தும். தென்னைமரத்தடியில் புதைத்துவிடுங்கள்.